கதவடியில் வரும் நீர்

செவலைக்கு மழை என்றால் பயம் கிடையாது. ஜூன் மாதத்து முதல் மழை தாராவியின் தகரக் கூரைகளில் இறங்கும்போது மற்ற நாய்கள் இரும்பு ஏணிகளின் அடியில் ஒண்டிக்கொள்ளும். அது மட்டும் தொண்ணூறடி ரோட்டில் நனைந்தபடி நிற்கும். முழங்கால் தண்ணீரில் இறங்கி மீன் விற்கும் இடம்வரை போய்விட்டு வரும். ஆனால் எங்கள் கல்லிக்குள், அந்த ஒடுங்கிய சந்துக்குள், யாரோ பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு வாசற்படியின் அடியிலிருந்து மெல்ல ஊர்ந்து வெளியே வந்தால் போதும், எழுந்துவிடும். தரையையே பார்க்கும். வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓடாமல், சுவரோரமாகவே நடந்து கல்லியைவிட்டுப் போய்விடும்.

“ஏல, அதக் கூப்பிடாத. தண்ணியப் பாத்துட்டு” என்பாள் அம்மா.

நாங்கள் அதைச் செவலை என்போம். எதிர்வரிசையில் தோல்பை தைக்கும் கார்கானாவில் இருந்த வடநாட்டுப் பையன்கள் லாலி என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும். பகலில் தூக்கம் கார்கானாவின் தையல் மேசைக்கு அடியில், இரவில் எங்கள் வாசலில்.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் அன்று 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. கொலாபாவில் 73 மி.மீ. மட்டும். ஒரே ஊர், ஒரே நாள். தெற்கு முனையில் இருந்தவருக்குக் குடை போதுமாயிருந்தது, எங்களுக்கு மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தது. மதியம் கரண்ட் போனதும் கார்கானாப் பையன்கள் ஷட்டரை இறக்கிவிட்டு ஆற்றைப் பார்க்கப் போனார்கள். மேசைக்கு அடியில் செவலை தூங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், மார்பளவு தண்ணீரில் நின்று, கடப்பாரையால் ஷட்டரை நெம்பித் திறந்தோம். மேசைமேல் அடுக்கியிருந்த தோல்கட்டின் உச்சியில், கழுத்துவரை தண்ணீரில், மூக்கை மட்டும் உயர்த்தி நின்றிருந்தது. குரைக்கவில்லை. கையில் எடுத்தபோது திமிறவும் இல்லை. ஏணி வழியாக எங்கள் மேல்வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அந்தப் பத்தடி அறையில் ஏற்கெனவே பதினான்கு பேர் இருந்தோம். விடியும்வரை அது அம்மாவின் மடியோடு ஒட்டிக் கிடந்தது.

பல வருடங்கள் கழித்து, பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. மணியோசைக்கு எச்சில் ஊறும் நாயின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நாய்கள் ஒரு வெள்ளத்தில் சிக்கிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் நேவா ஆறு கரைமீறியது. பாவ்லோவின் நாய்க்கொட்டில்கள் ஆய்வகத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தன. உதவியாளர்கள் போய்ச் சேர்ந்தபோது கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. கூண்டின் கதவு தாழ்வாக இருந்ததால், வெளியே எடுக்க ஒவ்வொரு நாயின் தலையையும் தண்ணீருக்குள் அமுக்கி இழுக்கவேண்டியிருந்தது. பிறகு சிறு சிறு கூட்டமாக நீந்தவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக அடைத்தார்கள். வழக்கமாக ஒன்றையொன்று கண்டால் கடித்துக் குதறும் நாய்கள் அன்று சண்டையே போடவில்லையாம்.

பிழைத்த நாய்களில் ஒன்றைச் சோதித்தபோது, அது கற்றிருந்ததெல்லாம் போயிருந்தது. மணிக்கும் விளக்குக்கும் எச்சில் ஊறவில்லை. தட்டில் வைத்த உணவைக்கூடத் தொடவில்லை. அந்த நாயோடு வேலைசெய்த ஸ்பெரான்ஸ்கி பக்கத்து அறையில் இருந்து கருவிகளை இயக்குவதே வழக்கம். இப்போது அவர் நாயிருக்கும் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது பழைய பழக்கங்கள் தலைகாட்டின. அவர் உடுப்பை நாயின் கண்ணில் படாத இடத்தில் வைத்தபோதும் ஓரளவுக்குப் பலன் இருந்தது. மாதக்கணக்கில் பொறுமையாக அந்த நாயை மீட்டெடுத்தார்கள். சரியாகிவிட்டது என்று தோன்றியபோது ஒரு சோதனை: கதவின் அடியிலிருந்து, ஓசையில்லாமல், கொஞ்சம் தண்ணீரை அறைக்குள் விட்டார்கள். நாய் துள்ளி எழுந்தது. தரையை வெறித்தது. மூச்சு வாங்க, மேடையைவிட்டு இறங்கத் தவித்தது. கற்றதெல்லாம் மறுபடி போய்விட்டது.

எங்கள் கல்லியில் நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே கதவு, அதே கசிவு.

நாய்க்குத் தண்ணீர் பயம் வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் ரோட்டில் நின்ற தண்ணீரில் செவலை இறங்கியதே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை வரிசை இதற்குக் கிட்டத்தில் வருகிறது. எலியைப் பெட்டியில் விட்டு, ஓர் ஒலி எழுப்பி, அது முடியும் தறுவாயில் காலடிக் கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். சில தடவைகளில் ஒலி கேட்டதுமே எலி உறைந்து நிற்கக் கற்றுக்கொள்ளும். மறுநாள் ஒலியே இல்லாமல் அதே பெட்டியில் விட்டாலும் உறைந்து நிற்கும். அதாவது அது ஒலியையும் கற்றிருக்கிறது, இடத்தையும் கற்றிருக்கிறது. 1992-இல் கிம், ஃபான்ஸ்லோ இருவரும் ஒரு பக்கம், ஃபிலிப்ஸ், லெடூ இருவரும் இன்னொரு பக்கம், இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற, கடற்குதிரையின் பெயர் கொண்ட, பகுதியைச் சேதப்படுத்தினால் இடத்தின் பயம் போய்விடுகிறது, ஒலியின் பயம் நிற்கிறது. பாதாம் பருப்பின் பெயர் கொண்ட அமிக்டலாவைச் சேதப்படுத்தினால் இரண்டுமே போய்விடுகின்றன. பயத்துக்கு ஓர் உறுப்பு, ‘எங்கே’ என்பதற்கு இன்னோர் உறுப்பு. இரண்டும் சேர்ந்தே வேலைசெய்கின்றன.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது மார்க் பௌட்டன் நெடுங்காலமாகச் செய்துவரும் ஆய்வுகள். 1979-இல் அவரும் ராபர்ட் போல்ஸும் எழுதியது அவற்றின் தொடக்கம். எலி ஒரு பெட்டியில் பயத்தைக் கற்கிறது. பிறகு வேறொரு பெட்டியில், வேறு மணம், வேறு தரை உள்ள இடத்தில், மின்சாரம் இல்லாமல் அந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கிறார்கள். பயம் தணிகிறது. மறந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். பழைய பெட்டியில் கொண்டுபோய் விட்டால் பயம் அப்படியே எழுந்து நிற்கிறது. அதாவது பயம் அழியவே இல்லை. ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற இரண்டாவது பாடம் அதன்மேல் வந்து அமர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பாடத்தில் ‘இங்கே’ என்ற சொல் கூடவே இருக்கிறது. முதல் பயமோ அவ்வளவு இடம் பார்ப்பதில்லை. ஒரு பெட்டியில் கற்ற ஒலியின் பயம் புதுப் பெட்டிக்கும் பெரிதாகக் குறையாமல் வந்துவிடுகிறது.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பயம் கூடவே பயணம் வரும். நிம்மதிதான் ஊரைவிட்டு நகராது. அதற்கு ஒரு முகவரி உண்டு. ரோட்டுத் தண்ணீரில் செவலை இறங்கியது அதற்கு அங்கே மழை தோறும் கிடைத்த அனுபவத்தால். அந்த நிம்மதி கல்லியின் முனையிலேயே நின்றுவிடுகிறது.

மும்பையின் தெருநாய்களுக்குத் தண்ணீரைவிடப் பழைய ஆசான் ஒன்று உண்டு, நாய்பிடிக்கும் வண்டி. 1832 ஜூனில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேய அதிகாரிகள் ஆள் வைத்தபோது பார்சிகள் கோட்டைப் பகுதியில் கலகம் செய்து கடையடைத்தார்கள். அதற்குப் பிறகும் கொலை நிற்கவில்லை. 1994 வரை மாநகராட்சி பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. பிறகுதான் கருத்தடை, தடுப்பூசி, காதில் வெட்டுக்குறி என்ற முறை வந்தது. 2001-இல் நாடு முழுமைக்கும் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில், பிடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்று இருந்தது. அதை வெறும் நிர்வாக வசதி என்றுதான் நான் முதலில் எண்ணியிருந்தேன். இப்போது அந்த விதியில் உயிரினத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருப்பதாகத் தோன்றுகிறது. எந்தத் திண்ணையில் ரொட்டி விழும், எந்த வீட்டுத் தாத்தா கம்பெடுப்பார், எந்த மோட்டார் சைக்கிள் நிற்காது என்று ஒரு நாய் வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கும் கணக்கு அந்தத் தெருவில்தான் செல்லும்.

எங்கள் கல்லிமுனையில் வண்டி திரும்பும்போதே, வலைக்காரர் இறங்கும் முன்பே, செவலை இருக்காது. காய்கறி டெம்போவும் ஏறத்தாழ அதே ஓசைதான். அதற்கு அசையாது. கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 160 தெருநாய்களிடம் ஒரு சோதனை செய்தது. இரண்டு கிண்ணங்களில் ஒன்றை அறிமுகமில்லாத மனிதர் சுட்டிக்காட்டுவார், நாய் எதற்குப் போகிறது என்று பார்ப்பது. 2020-இல் வெளியான முடிவில், கிட்ட வந்த நாய்களில் சுமார் 80 விழுக்காடு சரியாகச் சுட்டிய பக்கம் போயின. பத்திரிகைகள் இந்தப் பகுதியைக் கொண்டாடின. என் கண்ணில் பட்டது இன்னொன்று. ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. மனிதக் கை நீள்வதன் பொருளை அவையும் எங்கோ கற்றிருக்கவேண்டும்.

நாயை விடப் பெரிய உயிரிலும் இதைப் பார்த்தாயிற்று. புணேக்கு அருகே ஜுன்னர் வனக்கோட்டத்தில், 2001 முதல் சிறுத்தைகளைக் கூண்டுவைத்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். வித்யா அத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் பின்னால் கணக்குப் பார்த்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல்கள் 17 ஆகியிருந்தன. கரும்புத் தோட்டத்தில் ஆளரவம் கேட்டுப் படுத்துக்கொள்ளவும், எந்த நேரம் எந்த வரப்பு காலியாக இருக்கும் என்றறியவும் பழகியிருந்த விலங்கை, அந்த அறிவு எதுவும் செல்லாத இடத்தில், கூண்டின் அதிர்ச்சி மட்டும் உடம்பில் இருக்க, இறக்கிவிட்டால் அது வேறென்ன செய்யும்?

அப்பா மஸ்ஜித் பந்தரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினார். மாலையில் ரயிலில் அவரோடு வரும் நாட்களில் ஒன்றைக் கவனிப்பேன். பைக்குலா, பரேல், தாதர் வரை என்னிடம் ஏதும் சொல்லவேண்டுமென்றால் காதருகே குனிந்து சொல்வார், இல்லாவிட்டால் இந்தியில் சொல்வார். மாட்டுங்கா ஸ்டேஷனில் வண்டி நின்றதும், பூக்கூடையோடு இரண்டு பெண்கள் தமிழில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஏறியதும், அப்பாவின் குரல் தானாக உயரும். “எல, நாளைக்கிப் பரீச்ச இருக்குன்னியே, என்னாச்சி?” அவ்வளவு நேரமாக வாய்க்குள் வைத்திருந்த கேள்வி. அவர் அதை உணர்ந்தாரா என்றே எனக்குத் தெரியாது. நாற்பது வருடம் அந்த இடத்தில்தான் குரல் உயர்ந்தது.

1960-களின் பிற்பகுதியில் இந்த ஊரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த முழக்கமும், உடைந்த ஓட்டல் கண்ணாடிகளும், வேட்டியைப் பிடித்து இழுத்த கைகளும் அவருடைய இருபதுகளில் நடந்தவை. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நான் பிறந்தது 1971-இல். ஒருவரும் என் சட்டையைப் பிடித்ததில்லை. ஆனாலும் தாதர் தாண்டும்வரை என் குரலும் தாழ்ந்தே இருக்கிறது.

சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் 1980-களில் குரங்குகளிடம் கண்டது இதுதான். ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த செங்குரங்குகளுக்குப் பாம்பிடம் பயமில்லை, பாம்பின் மேலாகக் கைநீட்டி உணவை எடுத்துக்கொள்ளும். காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு நடுங்குவதைச் சில நிமிடங்கள் பார்க்கவைத்தால் போதும். அதற்குப் பிறகு கைநீட்டாது. மாதங்கள் கழித்தும் நீட்டாது. அதே நடுக்கத்தைப் படச்சுருளில் வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு குரங்கு நடுங்குவதாகக் காட்டினார்கள். பூவிடம் பயம் வரவில்லை. எதற்குப் பயப்படலாம் என்பதில் உடம்புக்கு ஒரு பழைய தயாரிப்பு இருக்கிறது, எப்போது தொடங்குவது என்பதைத்தான் பெரியவர்களின் முகம் சொல்கிறது.

காக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், அமாவாசைச் சோற்றுக்கு நாம் கூப்பிட்டு அழைக்கும் பறவை அல்லவா. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் குகைமனித முகமூடி ஒன்றை அணிந்துகொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் போட்டு, விட்டுவிட்டார். பின்னர் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. வேறு முகமூடிக்கு அப்படியில்லை. வருடங்கள் செல்லச் செல்லக் கத்துபவற்றின் எண்ணிக்கை கூடியது. பிடிபட்டபோது பிறந்தே இராத குஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. அவை அப்பனிடமிருந்தும் ஆத்தாளிடமிருந்தும் ஒரு முகத்தைப் பெற்றுக்கொண்டன. நான் ஒரு ரயில்பாதையின் மூன்று நிலையங்களைப் பெற்றுக்கொண்டேன்.

செவலையின் கதைக்குத் திரும்புகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அது கார்கானாவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அங்கே வயதான காரிகர், கைவினைஞர், ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைச் சாச்சா என்பார்கள். அவர் அதைக் கூப்பிடவே இல்லை. முதல் வாரம் கல்லிமுனையில், தான் டீ குடிக்கும் இடத்தில், ஒரு பார்லே-ஜி பிஸ்கட்டை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் இரண்டு வீடு உள்ளே தள்ளி. செவலை வராத நாளில் பிஸ்கட்டைக் கொஞ்சம் பின்னே எடுத்துப்போவார். அவசரமில்லாத வேலை. அவர் கையில் எப்போதும் தோல் ஒட்டும் சொல்யூஷனின் மணம் இருக்கும், பிஸ்கட்டிலும் அது ஏறியிருக்கும். ஸ்பெரான்ஸ்கியின் உடுப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மணம்தான் நினைவுக்கு வந்தது.

சாச்சா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மேரி கவர் ஜோன்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. பாவ்லோவின் கொட்டிலில் வெள்ளம் புகுந்த அதே 1924-இல், நியூயார்க்கில் அந்த அம்மையார், மூன்று வயதுகூட ஆகாமல் முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை சாப்பிடும்போது கூண்டோடு முயலை அறையின் கடைசியில் வைப்பது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் நகர்த்துவது, இதுதான் வைத்தியம். நடுவில் குழந்தைக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்தது. பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது. மேரி அறையின் கடைசிக்குக் கூண்டை எடுத்துப்போய் மறுபடி தொடங்கினார். கடைசியில் பீட்டர் ஒரு கையால் முயலை வருடிக்கொண்டே சாப்பிட்டான்.

சாச்சாவுக்கு ஏழெட்டு மாதம் ஆனது. 2006 ஏப்ரலில் செவலை மேசைக்கு அடியில் படுத்தது. ஜூனில் முதல் கனமழை, ஷட்டருக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர். அன்று போனதுதான், ஒரு வாரம் ஆளையே காணோம். அடுத்த திங்கட்கிழமை சாச்சா டீ கிளாசோடு கல்லிமுனையில் போய் உட்கார்ந்தார், பிஸ்கட்டை வைத்தார், வேறு பக்கம் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு தடவை. 2012-இல் செவலை வயதாகிச் சாகும்வரை இது நடந்தது. கடைசி வருடங்களில் தண்ணீரைக் கண்டதும் எழுந்து நிற்கும், தரையைப் பார்க்கும், பிறகு சாச்சாவைப் பார்க்கும். போகாது.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளைப் பத்து நாள் தொடர்ந்து நெருக்கடிக்கு உட்படுத்தி அவற்றின் மூளை நரம்பணுக்களைப் பார்த்தது. இடத்தை அறியும் ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டார்கள். சுருங்கியது மீண்டது. வளர்ந்தது குறையவில்லை. தொடர்ந்து அதிரும் உயிருக்கு ‘எங்கே’ என்ற கேள்வி மங்குகிறது, பயம் தழைக்கிறது. இதைப் படித்த இரவு நான் செவலையை நினைக்கவில்லை, அம்மாவை நினைத்தேன்.

ஆறு வருடம் முன்பு அவளைச் செம்பூருக்கு என்னோடு அழைத்துவந்தேன். திலக் நகரில் நான்காம் மாடி. தாராவியில் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீட்டுக் கதவுகளில் கணக்கெடுப்பு எண் எழுதியிருக்கிறார்கள். தகுதியுள்ளவருக்கு அங்கேயே 350 சதுர அடி, மற்றவர்களுக்குத் தாராவிக்கு வெளியே எங்கோ. சதுர அடியை அளந்தார்கள். யார் வீட்டு ஏணி யாருக்கு எந்த இரவில் உதவியது என்பது அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. வரவேண்டும் என்று சொல்கிறேன். அந்த ஏணிகளை நம்பித்தான் அந்த மக்கள் இருபது மழைக்காலங்களைத் தூங்கிக் கழித்தார்கள். அம்மாவும் தூங்கினாள். வெள்ளத்துக்கு அடுத்த வருடமே, பக்கத்து வீட்டுக் குறட்டை கேட்கும் அந்த அறையில், மழை கொட்டும்போது நிம்மதியாகத் தூங்கினாள்.

இங்கே தூங்குவதில்லை. மழை வலுத்தால் எழுந்துபோய்ச் சாக்கு ஒன்றை எடுத்து வாசற்கதவின் அடியில் வைத்து அடைக்கிறாள். முதல் வருடம் நான் விளக்கினேன். தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் இருக்கிறோம் என்றேன். கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“ஏல, இங்க ஏணி எங்க இருக்கு?”

போன ஜூலையில் ஓர் இரவு இடி இல்லாமல் மழை மட்டும் பெய்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருந்தாள். வெள்ளத்துக்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்த என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கூடியதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள். சாக்கை எடுத்துவந்து கதவடியில் போட்டு, ஆச்சி செய்வதைப் போலவே, இடது ஓரத்திலிருந்து காலால் இடுக்குக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.